இரவல் நடுக்கம்

கபடி வர்ணனையாளர் மந்திரமூர்த்தியின் பயம் ஏறக்குறைய இரண்டு வாரம் என் உடம்பில் குடியிருந்தது. அந்த இரண்டு வாரத்தில் அது என் நாத்தனாரைப் பகைத்துக்கொண்டது, என் தொழிலைப் பாதி படுக்க வைத்தது, கடைசியில் நான் இருபது வருடமாகப் படித்துப் படித்துச் சொன்ன பாடம் ஒன்றையும் குப்பையில் போட்டது. மற்றபடி நல்ல குடித்தனக்காரன்தான். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை, தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

என் பெயர் வடிவு. பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஆட்டோக்கள் தாமாகவே ஓட ஆரம்பித்த பிறகு எங்கள் தொழிலுக்கு நல்ல காலம். முன்பெல்லாம் ஆட்டோ டிரைவரிடம் மருமகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டே போனவர்கள், இப்போது அதைக் கேட்க ஆளில்லாமல் என்னிடம் வருகிறார்கள்.

மந்திரமூர்த்தியை அவர் மனைவி பேச்சித்தாய் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மாவட்டத்தில் எந்த ஊரில் கபடி நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆளைப் பார்க்காமலே குரலை வைத்து அடையாளம் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் மைக்கைத் தொட்டே பல மாதம் ஆகிவிட்டது என்றார்கள். கேட்டால் தொண்டை சரியில்லை என்பார். தொண்டை டாக்டரோ, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை.

எட்டு மாதம் என்னிடம் வந்தார். சர்க்கரை நோய், மனைவியின் கோபம், பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய சுவர் என்று எல்லாவற்றையும் ரசனையாகப் பேசுவார். எனக்கே சில நாள் டிக்கெட் வாங்கிக் கேட்கலாம் போல இருக்கும். கடைசியாக மைக் பிடித்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அங்கே என்ன நடந்தது என்று பேச்சித்தாயும் சொல்லமாட்டார், பேப்பர் படிக்கும் பழக்கம் எனக்கும் இல்லை.

இதற்கிடையே மகள் இசைவாணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அச்சடித்து வந்து வீட்டுப் பரணில் கிடந்தது. மனிதர் ஒன்றைக்கூட எடுத்து யாருக்கும் வைக்கவில்லை.

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிட்டு ஒருத்தர் வீட்டுப் படியும் ஏறாத மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கியளா மேடம்? சொந்த அண்ணன் வீட்டுக்குக்கூட போகல. கேட்டா, போவோம் போவோம்ங்காரு. முகூர்த்தத்துக்கு நாங்க நாலு பேரு மட்டும் நின்னு தாலி கட்டிக்கிடணுமா?" என்று பேச்சித்தாய் என் அறையில் அழுதார்.

மாப்பிள்ளை பிடிக்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு விசாரித்தேன். மாப்பிள்ளையை அவருக்குத் தன் மகளைவிடப் பிடித்திருந்தது. அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. மன அதிர்ச்சிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹபீபாவைக் கூப்பிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கூப்பிட மனசே இல்லை. எட்டு மாதம் பொத்திப் பொத்திப் பார்த்த ஆளை இன்னொருவரோடு பங்கு போடுவது, நம் அடுப்படியில் இன்னொரு பெண்பிள்ளை வந்து தாளிப்பது மாதிரி. ஹபீபா காயல்பட்டினத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். ஒரு தூக்குவாளி அளவு பெட்டியோடு வந்து என் மேஜையில் வைத்தார். அதன் நிஜப் பெயர் நீளமானது. ஊரில் எல்லாரும் அதை இரவல் பெட்டி என்பார்கள்.

"நடந்தது வேற, நடுக்கம் வேற மேடம்," என்று ஆரம்பித்தார். "நடந்தது அவர் நினைப்புல இருக்கு. நான் அதைத் தொடமாட்டேன். நடுக்கம் உடம்புல இருக்கு. அதை மட்டும் எடுத்து வேற ஒரு உடம்புல வைப்பேன். அந்த உடம்புக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாது. அதனால நடுக்கத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. மூணு வாரத்துல தானா கரைஞ்சிரும்."

"யார் உடம்புல வைப்பீங்க?"

அவர் என்னையே பார்த்தார்.

"என் உடம்புலயா?"

"முன்னப்பின்ன தெரியாதவங்க உடம்பு ஏத்துக்காது மேடம். மாசக்கணக்கா அவர் பேச்சைக் கேட்டவங்க வேணும். அதனாலதான் நாங்க தனியா வேலை பாக்குறதில்ல. ஆலோசகரைக் கூட்டாளியா வச்சுத்தான் செய்வோம்."

"அப்போ கூட்டாளின்னு சொல்லாதீங்க. பாத்திரம்னு சொல்லுங்க."

"நல்ல பாத்திரம் கிடைக்கறது கஷ்டம் மேடம்," என்றார் சிரிக்காமல்.

இந்தக் கூட்டு வேலைக்கு ஒரு விதி உண்டு. அதற்குத் திரை என்று பெயர். மந்திரமூர்த்திக்கு என்ன நடந்தது என்று ஹபீபா மட்டும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். நான் கேட்கக் கூடாது, தேடிப் படிக்கவும் கூடாது. அதேபோல அவர் வீட்டு விஷயம், குடும்ப விஷயம் எதையும் நான் ஹபீபாவிடம் சொல்லக் கூடாது.

"எனக்குச் சொல்லக்கூடாதுங்கறது சரி. நான் உங்களுக்குச் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"எனக்கு அவரைப் பிடிச்சுப்போயிரும். பிடிச்சுப்போனா கை நடுங்கும். கை நடுங்கினா இந்த வேலை செய்ய முடியாது."

அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. திரையை மதித்து நாங்கள் இருவரும் மழையைப் பற்றியும் உளுந்தவடையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டோம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வேலை நடந்தது. மந்திரமூர்த்தி அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரில். இருவர் மணிக்கட்டிலும் கழுத்திலும் துணிப் பட்டை.

"வலிக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார் அவர்.

"உங்களுக்கு வலிக்காது."

"எனக்கில்ல, மேடத்துக்குக் கேக்குதேன்."

பெட்டி கொஞ்ச நேரம் ரீங்காரமிட்டது. பட்டையைக் கழற்றியதும் மந்திரமூர்த்தி எழுந்து சோம்பல் முறித்தார். பிறகு சிரித்தார். எட்டு மாதத்தில் அன்றுதான் அவர் பல்வரிசையை நான் முழுசாகப் பார்த்தேன். "முதுகுல கெடந்த மூட்டைய எறக்கி வச்சாப்ல இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டு, படியில் இரண்டு இரண்டாக இறங்கிப் போனார்.

எனக்கு வயிற்றில் கொஞ்சம் குளிர்ந்ததைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. ஹபீபா என்னைச் சோதித்தார். மரப்பலகை முறியும் சத்தத்தைப் போட்டார். கூட்டம் அலறும் சத்தத்தைப் போட்டார். புழுதி வாசனையை முகத்தருகே நீட்டினார். ஏன் இதையெல்லாம் செய்கிறார் என்று நான் கேட்கவில்லை, திரை இருக்கிறதே.

"என்ன தோணுது?"

"பசிக்குது."

அவர் புருவம் நெற்றியின் பாதி தூரம் ஏறியது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழுசா வந்திருக்கே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. என் கணவரின் அக்கா செண்பகவல்லி மதினியும் அவர் வீட்டுக்காரரும் கையில் பால்கோவாவோடு நின்றார்கள். நான் கதவை முழுசாகத் திறந்து, "வாங்க மதினி, வாங்க அண்ணாச்சி" என்று சொல்ல வாயெடுத்தேன்.

வார்த்தை வரவில்லை. தொண்டையை யாரோ உள்ளே இருந்து தாழ் போட்டுவிட்டார்கள். இவர்கள் என் பேச்சைக் கேட்டு வாசற்படியைத் தாண்டினால் அவ்வளவுதான், ஏதோ பயங்கரம் நடந்துவிடும் என்று உடம்பு முழுக்க அடித்துக்கொண்டது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். கூரை அதுபாட்டுக்கு இருந்தது. நான் கதவு நிலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றேன்.

எங்கள் பக்கத்தில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காவிட்டால்கூட மன்னிப்பு உண்டு. வாசலில் நிற்பவரைப் பார்த்து "வாங்க" சொல்லாவிட்டால் அது மூன்று தலைமுறைக்குப் பேசப்படும்.

"என்ன வடிவு, நாங்க வந்தது பிடிக்கலையா?" என்றார் மதினி. சிரிப்பு ஏற்கெனவே பாதி போயிருந்தது.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியவில்லை. என் கணவர் உள்ளேயிருந்து ஓடி வந்து, "வாங்கக்கா, வாங்க வாங்க" என்று ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லி அழைத்துப் போனார். மதினி சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்றார். அவர்கள் வீடு போய்ச் சேருவதற்குள் தென்காசி வரைக்கும் சேதி போய்விட்டது.

மறுநாள் என் ஆலோசனை அறை வாசலிலும் அதே கூத்து. வெளியே ஒரு பெண் காத்திருக்கிறார். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே வரச் சொல்ல முடியவில்லை. கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய், ஆலோசகரே தன்னைக் கைவிட்டுவிட்டதாகக் கணவனிடம் அழுதிருக்கிறார். அடுத்து, கதவில் 'உள்ளே வரவும்' என்று எழுதி ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். 'உள்' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. வேறு வழியில்லாமல் வருகிறவர்களை எல்லாம் தெருமுனை டீக்கடையில் வைத்துப் பார்த்தேன். அங்கே கூப்பிடுகிற வேலை கடைக்காரருடையது.

நாலாம் நாள் ஹபீபா உளுந்தவடைப் பொட்டலத்தோடு டீக்கடைக்கே வந்தார். எனக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்ல விதியில் தடை இல்லை. மதினி கதையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆள் வந்தாலே நடுக்கம் வருதா?" என்று கேட்டார்.

"வந்தா ஒண்ணும் இல்ல. கூட்டமா நின்னாலும் ஒண்ணும் இல்ல. நான் அவங்களைக் கூப்பிடணும்னு நினைக்கும்போது வருது. என் பேச்சைக் கேட்டு ஒருத்தர் வந்துட்டா அவருக்கு ஏதோ ஆயிரும்னு."

ஹபீபா கடித்த வடையைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், நான் திரையைக் கிழிக்கப்போறேன்."

"எனக்குத் தெரிஞ்சா நடுக்கத்துக்குப் பிடிமானம் கிடைச்சிரும்னு சொன்னீங்களே."

"கிடைக்கும். கரையற வரைக்கும் உங்களுக்கு இன்னும் கஷ்டமாத்தான் போகும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். தெரிந்துகொள்ளும் ஆசை என்னை நாலு நாளாக அரித்துக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் பனைவிளாகம் என்ற ஊரில் இறுதி ஆட்டம். மைதானத்தில் நிற்க இடமில்லை. கிழக்குப் பக்கம் பலகையடித்துப் போட்ட கேலரி மட்டும் காலியாகக் கிடந்தது. மந்திரமூர்த்தி மைக்கில் கூப்பிட்டிருக்கிறார். "ஏன் நின்னுக்கிட்டு பாக்குதீங்க? கிழக்கு கேலரியில இடம் கெடக்கு. வாங்க, வாங்க, ஏறி உக்காருங்க." கூட்டத்தில் தெரிந்த முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லியும் கூப்பிட்டிருக்கிறார், அது அவர் பாணி. அந்தக் குரலுக்கு மாவட்டமே ஆடும். ஏறினார்கள். கேலரி சரிந்தது.

"யாரும் சாகல," என்றார் ஹபீபா. "கை, கால், இடுப்புன்னு ரொம்பப் பேருக்கு அடி. அவர் கண்ணு முன்னால நடந்துச்சு. அதனால பலகை சத்தத்துக்கும் அலறலுக்கும் பயப்படுறார்னு நான் நினைச்சேன். அவருக்குப் பலகை மேல பயம் இல்ல மேடம். தன் வாய் மேல பயம்."

நானும் பரணில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் வாயைப் பிளந்தார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிட முடியாம தவிச்சாரா? இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதானே சொல்லக்கூடாதுன்னீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரே ஆளை ஆளுக்குப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு, விதியைக் காப்பாற்றிய பெருமையில் வடை தின்றுகொண்டிருந்திருக்கிறோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அன்றிலிருந்து நான் அவருக்கு மேடம் இல்லை, அக்கா.

அந்தப் பக்கம் மந்திரமூர்த்தி பட்டையைக் கிளப்பிக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் போனில் ஆனந்தக் கண்ணீர் விட்டார். "விடிஞ்சதும் தாம்பாளத்தத் தூக்கிட்டுக் கெளம்பிருதாரு மேடம். அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு, தம்பி வீட்டுக்குப் போயிட்டாரு. நேத்து டவுன் பஸ்ல ஏறுனவரு, பஸ்ல இருந்த அத்தன பேருக்கும் பத்திரிக வச்சிட்டு எறங்குதாரு. மண்டபம் கொள்ளுமான்னு கேட்டா, கொள்ளும் கொள்ளும்ங்காரு!"

ஹபீபா காயல்பட்டினத்திலிருந்து தம்மடை கொண்டுவந்தார். முட்டையும் ரவையும் சேர்த்துச் செய்கிற அந்தப் பலகாரத்தை இருவரும் வெட்டித் தின்றோம். கூட்டுச் சிகிச்சையில் இவ்வளவு வேகமாகக் குணமானவர் இல்லை என்றார். எனக்குள் இருந்த நடுக்கம் பிடிமானம் கிடைத்துக் கனத்திருந்தாலும் மனசு நிறைந்திருந்தது. இன்னும் பத்து நாளில் கரைந்துவிடும், மதினி வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மந்திரமூர்த்தி என் அறைக்கு வந்தார். ஹபீபாவும் இருந்தார். வந்தவர் முகத்தில் பயமோ துக்கமோ இல்லை. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவரின் முகம்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்," என்றார். "எங்க ஊர்ல ஆவுடைத்தாய்னு ஒரு அக்கா. தையக்காரி. அன்னைக்கு அந்த கேலரியில விழுந்து அவுகளுக்கு ரெண்டு எடத்துல கால் ஒடிஞ்சுட்டு. இப்ப கம்பு ஊணித்தான் நடக்காவ. நேத்து அவுக வீட்டுக்குப் பத்திரிக வைக்கப் போனேன். 'என்ன ஆவுடையக்கா, கால் எப்படி இருக்கு? கல்யாணத்துக்கு வந்துரணும்'னு நல்லாச் சிரிச்ச மொகமாத்தான் சொன்னேன். அவுக என் மொகத்தையே பாத்தாவ. 'மந்திரம், ஒரு வருசம் கழிச்சு வந்திருக்க. சிரிச்சுக்கிட்டு வந்திருக்க. தட்ட எடுத்துக்கிட்டுப் போயிரு'ன்னு கதவச் சாத்திட்டாவ. நான் என்ன தப்பாச் சொன்னேன் மேடம்? எத்தன தடவ நெனச்சுப் பாத்தாலும் பிடிபடல."

அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அவர் சொல்லச் சொல்ல என் முழங்கை வரைக்கும் உதற ஆரம்பித்தது. பிறகு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைக்க வேண்டிய அளவுக்கு வந்தது.

மந்திரமூர்த்தி பதறி எழுந்தார். "ஐயோ, நீங்க ஏன் மேடம் அழுவுதீங்க?"

"இது நான் அழுகறது இல்ல, அண்ணாச்சி. நீங்க அழவேண்டியது."

அவர் அப்படியே நின்றார். என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். "நான் இப்படியா இருந்தேன்?" என்று கேட்டார்.

"இதைவிட மோசமா."

"இது எங்கிட்ட இருந்திருந்தா நான் அவுக வாசலுக்கே போயிருக்கமாட்டேன்."

"ஆமா."

"இது இல்லாம போனதாலதான் அவுக என்னைய உள்ள விடல."

"ஆமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப, டாக்டரம்மா, அதத் திருப்பிக் குடுத்துருங்க."

ஹபீபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "விளையாடாதீங்க. பாதி கரைஞ்சிருக்கு. இன்னும் பத்து நாள் போனா மீதியும் போயிரும். ஆயுசு முழுக்க உங்களுக்குத் தொந்தரவு இல்ல. குணமான சீக்கை யாராவது திரும்பக் கேப்பாங்களா?"

"சீக்குன்னே வச்சிக்கிடுங்க," என்றார் அவர். குரல் நிதானமாக இருந்தது. "அந்தம்மா கால் ஒடிஞ்சதுக்கு ஊருல நான் ஒரே ஒரு ஆளுதான் நடுங்கிக்கிட்டு இருந்தேன். கேலரி போட்டவன் நடுங்கல. ஆட்டம் நடத்துன கமிட்டிக்காரங்க நடுங்கல. அதையும் கழட்டி மேடத்துக்கிட்ட குடுத்துட்டா, அவுக காலுக்குன்னு யாரு இருக்கா?"

ஹபீபா என்னைப் பார்த்தார். ஆறுதல் சொல்லிப் பயத்தைப் போக்குவதுதான் நம் வேலை என்று எத்தனை வகுப்புகளில் பாடம் எடுத்திருப்பேன். இப்போது பட்டை கட்ட மணிக்கட்டை நீட்டினேன்.

"கல்யாணத்தன்னைக்கு வாசல்ல நின்னு யாரையும் கூப்பிட முடியாம போச்சுன்னா?" என்றார் ஹபீபா. "இவ்வளவு பேருக்குப் பத்திரிகை வச்சிருக்கீங்க. எல்லார் முன்னாலயும் மகளுக்கு அவமானமாப் போயிரும்."

"போகலாம். எம்மவகிட்டச் சொல்லிட்டுத்தான் நிப்பேன். எனக்கு வாய் அடைச்சா பேச்சி கூப்பிடுவா. அவ சத்தம் என் சத்தத்துக்கு மேல, மைக்கே வேண்டாம்."

பெட்டியை அதுவரை யாரும் பின்பக்கமாக ஓட்டியதில்லை. ஹபீபா ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பட்டை கட்டினார். ரீங்காரம் நின்றதும் என் வயிறு லேசானது. வெளியே வராந்தாவில் காத்திருந்த பேச்சித்தாயைப் பார்த்து, "உள்ளே வாங்கம்மா" என்றேன், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனந்தம் தாங்காமல் இன்னும் இரண்டு தடவை சொன்னேன். எதிரே மந்திரமூர்த்தி தோள் இரண்டையும் குறுக்கி உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டு," என்றார். "முன்ன மாதிரி அவ்வளவு இல்ல. ஆனா வந்துட்டு."

மறுநாள் காலையில் மந்திரமூர்த்தியும் நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போனோம். ஹபீபா வருவதாகத் திட்டம் இல்லை. அவர் வேலை பெட்டியோடு முடிந்தது. தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போது ஓடி வந்து ஏறிக்கொண்டார். வழியெல்லாம் மந்திரமூர்த்தி தாம்பாளத்தை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார். ஒரு தடவை, திரும்பிப் போய்விடலாமா என்று கேட்டார். அவரே, வேண்டாம் என்றார்.

ஆவுடைத்தாய் வீட்டின் முன்கட்டில்தான் தையல் கடை. காலால் மிதிக்கிற மிஷின் ஓரமாகத் துணி மூடிக் கிடந்தது. மோட்டார் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். மந்திரமூர்த்தி முதல் படிக்குக் கீழே போய் நின்றார். மிஷின் நின்றது.

அவர் வாயைத் திறந்தார். மாவட்டத்தையே ஆட்டி வைத்த வாய். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தார். தாம்பாளம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. பாக்கு உருண்டு விழுந்தது. குங்குமம் சரிந்து பத்திரிகை மேல் கொட்டியது. வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. எனக்குத் தாங்கவில்லை. அவருக்குப் பதிலாக நானே இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். ஹபீபா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

ஆவுடைத்தாய் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தார். அவசரப்படவில்லை. நடுங்கும் தட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கடைசியாக முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு என் பேரச் சொல்லிக் கூப்பிட்ட," என்றார்.

மந்திரமூர்த்தி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"ஆஸ்பத்திரில கெடந்தப்ப எல்லாரும் வந்து பாத்தாவ. உன் சத்தம் மட்டும் கேக்கல. நீ மறந்துட்டன்னு நெனச்சேன்."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்குமேல் முடியாமல் அழுதார். கை இரண்டிலும் தட்டு இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. ஆவுடைத்தாய் தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

பிறகு கம்பைச் சுவரோரம் நகர்த்தி வழிவிட்டு நின்றார்.

"சரி, உள்ள வா மந்திரம்," என்றார். எங்களைப் பார்த்து, "நீங்களும் வாங்க, யாரா இருந்தாலும் சரி. தெருவ அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க."

உள்ளே ஒரு மர பெஞ்சு கிடந்தது. மந்திரமூர்த்தி அதன் முன்னால் போய்த் தயங்கி நின்றார். ஆவுடைத்தாய் கம்பால் பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

"கெட்டியாத்தான் இருக்கு. பயப்படாம உக்காரு."

அவர் முதலில் நுனியில் உட்கார்ந்தார். அப்புறம் முழுசாக உட்கார்ந்தார். ஆவுடைத்தாய் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை நீட்டி வைத்துக்கொண்டு, தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்துக் குங்குமத்தைத் தட்டினார்.

"என்னைக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.